கணினியில் நசுங்கும் கார்: எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது?

ஓசூர் ரோட்டில் ஒரு கார் டிவைடரில் மோதி முகப்பு சப்பையாகிக் கிடக்கும் படம் வாட்ஸ்அப் குழுவில் வந்தால், அடுத்து வரும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: "இப்போது வருகிற கார்களெல்லாம் தகர டப்பா. அந்தக் காலத்து அம்பாசடராக இருந்திருந்தால் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது." இந்தப் பேச்சுக்குத் துணையாக இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. வீடியோ கேமில் இரண்டு கார்களைச் சுவரில் மோதவிட்டு எடுத்த காட்சிகளை, எது பலமான கார் என்பதற்கு ஆதாரமாக அனுப்புகிறார்கள். பெங்களூரில் புதுக் கார் வாங்க யோசிக்கும் வீடுகளில் பிள்ளைகள் அதைக் காட்டி அப்பாவிடம் வாதாடுகிறார்கள்.

அந்தக் காட்சிகள் தத்ரூபமாக இருப்பது உண்மை. பானட் மடங்குகிறது, கதவுத் தூண் வளைகிறது, சக்கரம் ஒருபக்கம் சாய்ந்துகொண்டு கார் கோணலாக ஓடுகிறது. இதில் எதையும் ஓவியர் முன்கூட்டியே வரைந்து வைக்கவில்லை. அந்த நேரத்தில் கணினி கணக்கிட்டுக் காட்டுகிறது. அப்படியானால் இதை நம்பலாமா என்று கேட்பது நியாயமே.

உலோகம் ஏன் நசுங்குகிறது, எந்த வரிசையில் நசுங்குகிறது என்பதை இந்தக் கேம்கள் நேர்மையாகக் கணக்கிடுகின்றன. ஷோரூமில் நிற்கும் ஒரு குறிப்பிட்ட கார் எவ்வளவு நசுங்கும் என்பதை அவை கணக்கிடுவதே இல்லை. முன்னதை நம்பலாம், பின்னதை நம்பிப் பணம் போடக்கூடாது. இதற்கான காரணம் புரிய வேண்டுமானால் கணக்கு எப்படி நடக்கிறது என்று அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

## பழைய கேம்களில் கார் ஏன் கல்லாக இருந்தது

கேம் உலகில் பொருட்களை அசைக்கும் மிக எளிய முறை, அவற்றைத் திடப்பொருளாக எடுத்துக்கொள்வது. கார் என்பது எடையும் வேகமும் உள்ள ஒரு பெட்டி. அது சுவரில் மோதினால், மோதிய பிறகு என்ன வேகத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஒரே கணக்கில் முடித்துவிடலாம். பெட்டியின் வடிவம் மாறவே மாறாது. அப்படியானால் அந்தக் கேம்களில் பார்த்த நசுங்கல் என்ன? அது ஒப்பனை. பொதுவாக மூன்று வழிகளில் செய்தார்கள்:

1. உடைந்த பம்பர், விரிசல் விட்ட கண்ணாடி போன்றவற்றை முன்பே தயாரித்து வைத்துக்கொண்டு, மோதியவுடன் நல்ல பாகத்தை எடுத்துவிட்டு இதை மாட்டுவது.
2. அடிபட்ட இடத்தைச் சுற்றியுள்ள படப் புள்ளிகளை உள்ளே தள்ளிவிடுவது. கண்ணுக்குப் பள்ளம் தெரியும். கணக்கில் கார் அதே பெட்டிதான்.
3. கதவு, பானட் ஆகியவற்றைத் தனிப் பெட்டிகளாக்கிக் கீலில் தொங்கவிடுவது. மோதினால் கழன்று பறக்கும்.

1995-இல் வந்த டிஸ்ட்ரக்‌ஷன் டெர்பி, 2004-இல் வந்த ஃபிளாட்அவுட், பர்ன்அவுட் 3 போன்றவை மோதலையே முக்கிய விருந்தாக வைத்த கேம்கள். அன்றைய கணினிகளின் வேகத்துக்கு அவை சாதித்தது பெரிது. ஒரு கேம் எந்த வகை என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. முன்சக்கரம் தூணில் பலமாக அடிபட்ட பிறகும் கார் நேராக ஓடினால், நசுங்கல் தோலோடு நின்றுவிட்டது என்று பொருள்.

கணினி வேகம் கூடிய பிறகும் பல கேம்கள் ஒப்பனையோடு நிற்பதற்கு வணிகக் காரணம் ஒன்றும் உண்டு. உண்மையான கார்களை உரிமம் வாங்கிக் காட்டும்போது, தங்கள் காரின் உட்கூடு நொறுங்குவதைத் திரையில் காட்ட நிறுவனங்கள் விரும்புவதில்லை.

திடப்பொருள் கணக்கில் தொலைந்துபோவது வடிவம் மட்டுமன்று, நேரமும்தான். மணிக்கு 64 கி.மீ. என்பது நொடிக்கு 17.8 மீட்டர். பெட்டி சுவரில் மோதினால் அந்த வேகம் நேரமே எடுக்காமல் மறைகிறது. உண்மையான காரிலோ முகப்பு மடிந்துகொண்டே போகிறது. அது 60 செ.மீ. மடிந்து, சீராக வேகம் குறைந்தால், கார் நிற்பதற்கு 0.067 நொடி ஆகும். உள்ளே இருப்பவர் மீது விழும் விசை அவரது எடையைப் போல 27 மடங்கு. முகப்பு மிக உறுதியாக இருந்து 10 செ.மீ. மட்டுமே மடிந்தால் அதே விசை 160 மடங்குக்கு மேல் போய்விடும். முகப்பு கெட்டியாக இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முகப்பு நசுங்க வேண்டும், ஆட்கள் இருக்கும் அறை நசுங்கக்கூடாது என்பதை வடிவமைப்புக் கொள்கையாக வகுத்தவர் மெர்சிடிஸ்-பென்ஸ் பொறியாளர் பேலா பாரேனி. 1951-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959-இல் அந்த நிறுவனத்தின் டபிள்யூ111 வரிசைக் கார்களில் அது நடைமுறைக்கு வந்தது.

## கம்பும் முடிச்சும்: மென்பொருள் வண்டியின் எலும்புக்கூடு

இங்கிருந்துதான் சாஃப்ட்-பாடி, அதாவது மென்மையான உடல் எனப்படும் முறை தொடங்குகிறது. காரை ஒரே பெட்டியாகக் கொள்ளாமல், கல்யாணப் பந்தல்போல் கட்டுகிறார்கள். முடிச்சு இருக்கும் இடங்கள் நோட். இரண்டு முடிச்சுகளை இணைக்கும் கம்பு பீம். மேலே விரித்த துணிதான் நாம் திரையில் பார்க்கும் பளபளப்பான பெயின்ட் உடல். எடை முழுவதும் முடிச்சுகளில் இருக்கிறது. கம்புகளுக்கு எடை கிடையாது. இழுத்தால் இழுபடும், அழுத்தினால் சுருங்கும் ஸ்பிரிங்குகள் அவை. முடிச்சு நகர்ந்தால் துணி கூடவே போகும். ஒரு காருக்கு முடிச்சுகள் நூற்றுக்கணக்கில், கம்புகள் ஆயிரக்கணக்கில் தேவைப்படும்.

இந்த வழியை முதலில் பரவலாக்கியது ரிக்ஸ் ஆஃப் ராட்ஸ் என்ற மென்பொருள். பியர்-மிஷேல் ரிக்கோர்டெல் 2005-இல் வெளியிட்டது. பிறகு அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதில் வேலை செய்தவர்கள் சிலர் ஜெர்மனியின் பிரெமன் நகரில் நிறுவனம் தொடங்கி பீம்என்ஜி.டிரைவ் என்ற கேமை உருவாக்கினார்கள். 2012-இல் அதன் மாதிரிக் காட்சி வந்தது, 2013 ஆகஸ்ட்டில் விற்பனைக்கு வந்தது, 2015 மே மாதம் ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் ஏறியது. வாட்ஸ்அப்பில் சுற்றும் காட்சிகளில் பெரும்பாலானவை இதில் எடுக்கப்பட்டவை. ஃபின்லாந்தின் பக்பியர் நிறுவனம் 2018-இல் முழுமையாக வெளியிட்ட ரெக்ஃபெஸ்ட், மென்மையான உடலைப் பந்தயத்துக்கு ஏற்றபடி கையாளும் இன்னொரு கேம்.

ஒவ்வொரு கம்பின் குணத்தையும் நான்கு எண்கள் தீர்மானிக்கின்றன. மீதமெல்லாம் இவற்றிலிருந்து பிறப்பதால் இவற்றைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

1. விறைப்பு. கம்பை ஒரு மீட்டர் நீட்ட எவ்வளவு விசை வேண்டும் என்பது. ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதி அப்படியே இங்கே வேலை செய்கிறது: நீட்சி இரட்டித்தால் எதிர்க்கும் விசையும் இரட்டிக்கும். எடுத்துக்காட்டாக விறைப்பை மீட்டருக்கு 40 லட்சம் நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம்.
2. தணிப்பு. ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை விழுங்கும் அளவு இது. குறைவாக வைத்தால் கார் முழுவதும் அதிர்ந்துகொண்டே இருக்கும்.
3. வளையும் எல்லை. இந்த விசையைத் தாண்டினால் கம்பு பழைய நீளத்துக்குத் திரும்பாது. எல்லை 20,000 நியூட்டன் என்றால், மேலே சொன்ன விறைப்பில் 5 மி.மீ. சுருங்கும்வரை கம்பு மீண்டுவிடும். அதற்கு மேல் அதன் இயல்பு நீளமே குறைந்துவிடும். காரில் நிரந்தரப் பள்ளம் விழுவது இந்தக் கணத்தில்தான்.
4. அறும் எல்லை. இதையும் தாண்டினால் கம்பு கணக்கிலிருந்தே நீக்கப்படும். கதவைப் பிடித்திருந்த கம்புகள் எல்லாம் அறுந்தால் கதவு தானாகக் கழன்று விழுகிறது. கதவு விழட்டும் என்று யாரும் தனியாக எழுதவில்லை.

சக்கரம் கோணலாவதும் இதே வழியில்தான். சஸ்பென்ஷன் கைகளும் இப்படிப்பட்ட கம்புகளே. ஒரு கை 2 செ.மீ. சுருங்கிவிட்டால் சக்கரத்தின் கோணம் மாறும், கார் ஒரு பக்கமாக இழுக்கும். எம்.ஜி. ரோட்டில் குழியில் விழுந்து அலைன்மென்ட் போன கார் எப்படி இழுக்குமோ அப்படியே இழுக்கும். ஒரு விளைவைக் காட்ட வேண்டும் என்று திட்டமிடாமல், காரணங்களைச் சரியாக வைத்துவிட்டு விளைவைத் தானே வரவிடுவது இந்த முறையின் பெரிய பெருமை. கேம் துறையில் செய்யப்பட்ட மிக அழகான வேலைகளில் ஒன்றாக நான் இதைக் கருதுவது அதனால்தான்.

குறையும் இதே அமைப்பில் இருக்கிறது. மோதலைக் கண்டுபிடிக்கும்போது முடிச்சுகளையும், முடிச்சுகளுக்கு நடுவே இழுக்கப்பட்ட முக்கோணங்களையும்தான் கணினி பார்க்கிறது. ஒரு காரின் முடிச்சு இன்னொரு காரின் முக்கோணத்தைத் தாண்டி உள்ளே போய்விட்டால், இரண்டு கார்களும் முட்செடிபோல் சிக்கிக்கொண்டு பிரிய மறுக்கும். மெல்லிய கம்பம் இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே நுழைந்து, அது இருக்கக்கூடாத ஆழம்வரை போய்விடுவதும் உண்டு.

## எல்லாம் நேரத்தை எவ்வளவு நறுக்குகிறோம் என்பதில்

கணினிக்கு நேரம் தொடர்ச்சியாக ஓடுவதில்லை. துண்டு துண்டாகத்தான் ஓடும். ஒவ்வொரு துண்டிலும் எல்லாக் கம்புகளின் விசையையும் கூட்டி, ஒவ்வொரு முடிச்சையும் கொஞ்சம் நகர்த்தி, அடுத்த துண்டுக்குப் போகிறது. துண்டு பெரிதாக இருந்தால் என்ன ஆகும்?

திரையில் நொடிக்கு 60 படங்கள் ஓடுகின்றன. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே, 64 கி.மீ. வேகத்தில் போகும் கார் 30 செ.மீ. நகர்ந்துவிடும். மோதல் முழுவதும் 0.067 நொடியில் முடிகிறது என்று பார்த்தோம். அதில் நான்கு படங்கள்தான் அடங்கும். பம்பர், ரேடியேட்டர், சேஸி முனை என்று ஒன்றன்பின் ஒன்றாக மடியும் கதையை நான்கு படிகளில் சொல்ல முடியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. விறைப்பான ஸ்பிரிங் மிக வேகமாக ஆடும். அதன் ஒரு ஆட்டத்துக்குள் போதிய தடவை கணக்குப் பார்க்காவிட்டால், ஒவ்வொரு படியிலும் கணினி தேவைக்கு அதிகமாகத் திருத்தும். அடுத்த படியில் அந்தத் திருத்தத்தை அதைவிட அதிகமாகத் திருத்தும். விசை எகிறிக்கொண்டே போய், நின்றுகொண்டிருந்த கார் திடீரென்று முட்களாக வெடித்துச் சிதறும். இந்தக் கேம்களை விளையாடியவர்கள் இதைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள்.

துண்டு எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. விறைப்பை எடையால் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 2-ஐ அந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் உச்ச வரம்பு. 40 லட்சம் விறைப்பு, முடிச்சின் எடை 1 கிலோ என்றால் வர்க்கமூலம் 2000; வரம்பு ஆயிரத்தில் ஒரு நொடி. ஆனால் ஒரு முடிச்சை ஒரே திசையில் நான்கு கம்புகள் பிடித்திருந்தால் விறைப்பு நான்கு மடங்காகி, வரம்பு பாதியாகிவிடும்: இரண்டாயிரத்தில் ஒரு நொடி. பீம்என்ஜி தன் இயற்பியலை நொடிக்கு 2000 தடவை கணக்கிடுகிறது. இதே மோதல் அங்கே நான்கு படிகளில் அல்ல, 130-க்கும் மேற்பட்ட படிகளில் நடக்கிறது. ஒரு படியில் கார் நகர்வது 9 மி.மீ. மட்டுமே.

கேமின் எல்லையும் இதே கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. நொடிக்கு 2000 என்று நிர்ணயித்துவிட்டால், உண்மையான எஃகு எவ்வளவு விறைப்பானதோ அவ்வளவு விறைப்பைக் கம்புக்குத் தர முடியாது. தந்தால் கார் வெடிக்கும். ஆகவே உருவாக்குபவர் விறைப்பைக் குறைக்கிறார், அல்லது முடிச்சின் எடையைக் கூட்டுகிறார். மேலே சொன்ன எண்களை வைத்து, முடிச்சுகள் 20 செ.மீ. இடைவெளியில் இருப்பதாகக் கொண்டால், அடி விழுந்த செய்தி கம்புகள் வழியே நொடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகத்தில்தான் பரவும். உண்மையான எஃகில் அந்த வேகம் சுமார் 5000 மீட்டர். 4 மீட்டர் நீளக் காரின் முன்பக்கம் மோதியதைப் பின்பக்கம் உணர, எஃகில் ஆயிரத்தில் ஒரு நொடிகூட ஆகாது. நம் எடுத்துக்காட்டுக் காரில் நூற்றில் ஒரு நொடி ஆகும். மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால் கேம் கார் அல்வாபோல் குலுங்குவதாகத் தோன்றுவதற்கு இதுதான் காரணம். அலட்சியத்தால் வந்த பிழையன்று. நேரத்துக்கும் விறைப்புக்கும் நடுவே செய்துகொண்ட உடன்பாடு.

எஸ்.பி. ரோட்டில் கணினி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தக் கணக்கில் ஒவ்வொரு படியும் முந்தைய படியின் விடைக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு காரின் சில ஆயிரம் கம்புகள் கிராபிக்ஸ் கார்டைப் பயன்படுத்தும் அளவுக்குப் பெரிய வேலையும் அன்று. அதனால் வேலை முழுவதும் பிராசஸரின் தலையில் விழுகிறது, ஒரு காருக்கு ஒரு கோர் (பிராசஸருக்குள் தனியாகக் கணக்குப் போடும் பகுதி) என்ற கணக்கில். பத்துக் கார்களை மோதவிட ஆசைப்படும் பிள்ளைக்கு விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டைவிட வேகமான கோர்கள் அதிகமுள்ள பிராசஸர் உதவும்.

## வைட்ஃபீல்டில் நடக்கும் கணக்கு வேறு

கார் நிறுவனங்களும் மோதலைக் கணினியில்தான் முதலில் நடத்திப் பார்க்கின்றன. அந்த வேலையில் பெங்களூருக்குப் பெரிய பங்கு உண்டு. மெர்சிடிஸ்-பென்ஸின் ஆராய்ச்சி, மேம்பாட்டு மையம் 1996 முதல் இங்கே இயங்குகிறது. ஜெர்மனியில் உருவாகும் கார்களுக்கான சிமுலேஷன் வேலைகளை வைட்ஃபீல்டு பக்கத்துப் பொறியாளர்கள் செய்கிறார்கள். கோவை, சேலம், திருச்சிக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள் இந்தத் துறையில் ஏராளம்.

அவர்கள் பயன்படுத்துவது வரம்புறு கூறு முறை. காரின் தகட்டைச் சில மி.மீ. அளவுள்ள சிறு சதுரங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு முழுக் காருக்குப் பல லட்சம் முதல் கோடி வரையும் ஆகும். ஒவ்வொரு சதுரத்துக்கும் தகட்டின் கனம், எஃகின் வகை, அது எந்த வேகத்தில் இழுக்கப்பட்டால் எவ்வளவு தாங்கும் என்ற ஆய்வகத் தரவு, ஸ்பாட் வெல்டிங் இருக்கும் இடம் எல்லாம் தரப்படுகின்றன. இத்துறையின் முக்கிய மென்பொருளான எல்எஸ்-டைனாவின் வேர் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் இருக்கிறது. அங்கே ஜான் ஹால்க்விஸ்ட் 1976-இல் எழுதிய டைனா3டி அது.

நேரக் கணக்கு இங்கேயும் விடாது. சதுரம் 5 மி.மீ., எஃகில் அதிர்வு நொடிக்கு 5000 மீட்டர் என்றால், ஒரு சதுரத்தைக் கடக்கப் பத்து லட்சத்தில் ஒரு நொடி ஆகும். நேரத் துண்டு அதைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. 0.15 நொடி மோதலுக்கு 1.5 லட்சம் படிகள்; ஒவ்வொரு படியிலும் லட்சக்கணக்கான சதுரங்கள். நூற்றுக்கணக்கான கோர்கள் உள்ள கணினித் தொகுதியிலும் இது மணிக்கணக்கில் ஓடும். கேமோ, அதே மோதலை நீங்கள் ஸ்டியரிங் பிடித்திருக்கும்போதே முடித்துக் காட்டியாக வேண்டும்.

இத்தனை செய்த பிறகும் பொறியாளர்கள் அந்த விடையை அப்படியே ஏற்பதில்லை. உண்மையான காரை மோதவிட்டு, சென்சார் காட்டிய வளைகோட்டையும் கணினி காட்டிய வளைகோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கிறார்கள். பொருந்தாவிட்டால் மாதிரியைத் திருத்துகிறார்கள். கேமில் எண்களை வைப்பவர் பார்ப்பது வேறு: கார் நம்பும்படி நசுங்குகிறதா, ஓட்ட நன்றாக இருக்கிறதா, வெடிக்காமல் நிற்கிறதா. அவர் திறமைசாலிதான். ஆனால் அவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி வேறு.

## காருக்குள் யாரும் இல்லை

மோதல் காட்சிகளைப் பார்க்கும்போது நாம் எளிதில் மறந்துவிடும் விஷயம் இது. கேமில் கணக்கிடப்படுவது வண்டி. சோதனைக்கூடத்தில் அளக்கப்படுவது மனிதருக்கு என்ன ஆகும் என்பது.

இந்தியாவில் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு மதிப்பெண் தரும் பாரத் என்கேப் திட்டம் 2023 ஆகஸ்ட்டில் அறிவிக்கப்பட்டு அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் முன்புறச் சோதனையில் கார் 64 கி.மீ. வேகத்தில், முகப்பின் 40 விழுக்காடு மட்டும் படும்படி, நசுங்கக்கூடிய அலுமினியத் தடுப்பில் மோதுகிறது. பக்கவாட்டுச் சோதனை 50 கி.மீ.; கம்பத்தில் பக்கவாட்டாக மோதும் சோதனை 29 கி.மீ. உள்ளே அமர்த்தப்பட்ட பொம்மைகளின் தலை, கழுத்து, மார்பு, தொடை ஆகியவற்றில் சென்சார்கள் இருக்கும். பெரியவர் பாதுகாப்புக்கு 32, குழந்தைகள் பாதுகாப்புக்கு 49 என்று மதிப்பெண். பானட் அழகாக மடிந்ததா, அசிங்கமாக மடிந்ததா என்பதற்குத் தனி மதிப்பெண் கிடையாது.

சீட் பெல்ட் எந்தக் கணத்தில் இறுகுகிறது, ஏர்பேக் எந்தக் கணத்தில் விரிகிறது என்பதில் ஆயிரத்தில் சில நொடிகள் மாறினாலும் மார்பின் கதை மாறிவிடும். ஒரே தகடு, ஒரே சேஸி உள்ள இரண்டு கார்களில், ஏர்பேக் எண்ணிக்கையும் பெல்ட்டின் தரமும் வேறாக இருந்தால் விளைவும் வேறு. வெளியே நசுங்கிய தகட்டை மட்டும் காட்டும் காட்சியில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

## அடிக்கடி எடுக்கப்படும் தவறான முடிவுகள்

1. "இந்தக் கேமில் அந்தக் கம்பெனிக் கார் தாங்கியது." பீம்என்ஜியில் வரும் கார்கள் கற்பனை நிறுவனங்களுடையவை: கவ்ரில், இபிஷு, ஈடிகே. இந்தியச் சாலையில் ஓடும் கார் ஒன்று அதில் தெரிந்தால், ரசிகர் யாரோ தயாரித்துச் சேர்த்தது அது. வெளித்தோல் அசலைப் போலவே இருக்கலாம். உள்ளே இருக்கும் எலும்புக்கூடு வேறொரு காருக்காகச் செய்ததாகவும் இருக்கலாம். எஃகின் தரமோ வெல்டிங் விவரமோ நிறுவனத்திடமிருந்து அவருக்குக் கிடைத்திருக்காது. இரண்டு நிறுவனங்களின் கார்களை இப்படி ஒப்பிடும் காட்சியைப் பாதுகாப்புக்கான ஆதாரமாக அனுப்புவதை நிறுத்த வேண்டும். வாங்கும் முடிவில் குழந்தைகள் உட்காரப்போகும் பின்சீட்டும் அடங்கியிருக்கிறது.

2. "பழைய கார் இரும்பு, புதிய கார் தகரம்." அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2009-இல் இதை நேரடியாகவே சோதித்தது. 1959-இல் தயாரான செவ்ரோலே பெல் ஏர் காரையும் 2009-இன் செவ்ரோலே மலிபு காரையும் தலா 64 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே மோதவிட்டார்கள். பழைய காரின் ஓட்டுநர் அறை நொறுங்கியது. அதில் மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். புதிய காரின் முகப்பு நசுங்கியது, அறை நின்றது. அம்பாசடரின் வடிவமைப்பும் 1950-களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்ததுதான். நசுங்கும் முகப்பு என்ற கொள்கை சாலைக்கு வருவதற்கு முந்தைய காலம் அது.

3. "பாதுகாப்பான கார் என்றால் எதையும் தாங்கும்." 2024 டிசம்பரில் பெங்களூரை அடுத்த நெலமங்கலா அருகே கன்டெய்னர் லாரி கவிழ்ந்து கார் மேல் விழுந்ததில் ஒரே குடும்பத்தினர் ஆறு பேர் இறந்தார்கள். பாதுகாப்புக்குப் பெயர்பெற்ற காரே இப்படி ஆகிவிட்டதே என்று பலர் கேட்டார்கள். அந்தத் துயரத்துக்கு விடை காரின் தரத்தில் இல்லை. முகப்பில் மடிய இடம் இருக்கிறது. கூரைக்கும் தலைக்கும் நடுவே அப்படி இடம் கிடையாது. அமெரிக்க விதிப்படி 2.7 டன் வரையுள்ள வாகனத்தின் கூரை, அதன் வெற்று எடையைப் போல மூன்று மடங்கைத் தாங்க வேண்டும். கார் தானே உருண்டால் காக்க வைத்த கணக்கு அது. பல பத்து டன் எடை மேலிருந்து விழுவது அந்தக் கணக்குக்கு வெளியே இருக்கிறது. அதைத் தடுக்க வேண்டிய இடம் சாலையும், லாரிகளின் வேகமும், கன்டெய்னர் பூட்டப்படும் விதமும்.

## கேமிடம் கற்றுக்கொள்ளத் தக்கவை

ஒரே காரை அதே காரோடு ஒப்பிட்டால், மாற்றியது ஒன்றே ஒன்று என்றால், இந்தக் கேம்கள் மிக நல்ல ஆசிரியர். வேகம், கோணம், எடை, சரிவு ஆகிய நான்கையும் வீட்டில் உட்கார்ந்தே சோதிக்கலாம்.

ஒரே சுவரில் 32 கி.மீ. வேகத்திலும் 64 கி.மீ. வேகத்திலும் மோதிப் பாருங்கள். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. 1200 கிலோ கார் 64 கி.மீ. வேகத்தில் சுமப்பது சுமார் 1.9 லட்சம் ஜூல். 32-இல் அதில் கால் பங்கு. முதல் மோதலில் பம்பரும் விளக்கும் போகும். இரண்டாவதில் எஞ்சின் பின்னால் தள்ளப்படுவதைக் காணலாம். பிறகு அதே 64-இல் முழு முகப்பும் படும்படி ஒருமுறை, கால் பங்கு மட்டும் படும்படி ஒருமுறை. குறைவாகப் பட்டால் சேதம் குறையும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். தாங்கும் சேஸி முனை ஒன்றுகூடச் சரியாகச் சிக்காமல் போவதால் சக்கரம் அறையை நோக்கித் தள்ளப்படும்.

சரிவுச் சோதனை நம் ஊர்க்காரர்களுக்கு நேரடியாக உதவும். பெங்களூரிலிருந்து சேலம் போகும் தமிழருக்கெல்லாம் தொப்பூர் கணவாய் தெரியும். கீழ்நோக்கி வரும் லாரிகள் கட்டுப்பாட்டை இழந்து நடக்கும் விபத்துகளும் தெரியும். 30 டன் லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் 2.9 கோடி ஜூல். மேலே சொன்ன கார் மோதலின் ஆற்றலைப் போல 150 மடங்கு அது. அவ்வளவும் 200 கிலோ பிரேக் டிரம்களிலேயே தங்கினால் அவற்றின் சூடு 300 டிகிரிக்கு மேல் ஏறும். சூடு ஏற ஏற பிரேக்கின் பிடிப்பு குறையும். பீம்என்ஜி இந்தச் சூட்டையும் பிடிப்பு குறைவதையும் கணக்கிடுகிறது. சுமை ஏற்றிய லாரியை நீண்ட சரிவில் மேல் கியரில், பிரேக்கை மட்டும் நம்பி ஒருமுறை இறக்குங்கள்; அதே சரிவில் தொடக்கத்திலேயே இரண்டாவது கியருக்கு மாற்றி இன்னொரு முறை இறக்குங்கள். முதல் தடவை பாதி வழியில் பிரேக் மிதி அழுத்தியும் வேகம் குறையாது. இரண்டாவது தடவை இறக்கத்தின் பெரும் பங்கை எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்கு வேலை கொஞ்சம்தான்.